ஊசியும் அவசரமும்

அலுவலகத்தில் அவளுக்கு ஊசி என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால்தான் சொன்னார்கள். ஒருநாள் அது காதில் விழுந்தபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "ஊசின்னா குத்துறது மட்டும்தான் உங்களுக்கு ஞாபகம் வருது. கிழிஞ்சதைத் தைக்கிறதும் அதுதானே" என்றாள். அன்றிலிருந்து நேரிலேயே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து தரும் சின்ன நிறுவனம் அது. கீழே டயர் கடை, நடுவில் பல் மருத்துவர், மேலே இவர்கள். டயருக்குக் காற்றடிக்கும் சத்தமும் பல்லை ராவும் சத்தமும் ஒன்றாகக் கிளம்பி வரும்போது, "பாருங்க, நம்மளைத் தவிர இந்தக் கட்டடத்துல எல்லாரும் வேலை செய்றாங்க" என்பாள்.

அவள் கணினிக்கு நிரல் எழுதுகிறவள். மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்ப்பதும் அவள் பொறுப்பு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்து எங்கே இடறும், எங்கே உடையும் என்று சொல்ல வேண்டும். ரிவ்யூ என்பார்கள். குறை கண்டுபிடிக்கச் சம்பளம் தருகிற வேலை ஒன்று உண்டு என்று தெரிந்த அன்றைக்குத்தான் தான் எதற்காகப் பிறந்தோம் என்று விளங்கியதாக அவளே சொல்லிக்கொள்வாள்.

அவள் வாயில் விழுந்து எழுந்தவர்கள் அதையே வீட்டில் போய்ச் சொல்லிச் சிரிப்பார்கள். யாராவது வந்து, "புரோகிராம் ஓடுதுக்கா" என்று பெருமையாக நின்றால், "ஓடுது சரி. எங்க ஓடுது, யாரு துரத்துறா?" என்பாள். "இது தற்காலிக ஏற்பாடுதான்" என்று யாராவது சமாளித்தால், "தற்காலிகம்னு பேர் வச்சதுக்குத்தான் ஆயுசு கெட்டி. நான் ரிட்டயர் ஆகும்போது வாசல் வரைக்கும் வந்து என்னை வழியனுப்பப் போறதே இதுதான்" என்பாள். கணினி தன் பேச்சைக் கேட்கவில்லை என்று ஒருத்தி அழாத குறையாக வந்தபோது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அது நாம சொன்னதைச் செய்யும், நெனச்சதைச் செய்யாது. நெனச்சதைச் செய்ய இன்னும் ஒரு ஜீவனும் பொறக்கலை. எங்க வீட்டுக்காரரையும் சோதிச்சுப் பார்த்தாச்சு" என்று தேற்றினாள்.

அந்த வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அடிக்கிற வேலை. ஒருநாள் அந்தக் கட்டடத்து லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். வெளியிலிருந்து ஓர் ஆண்குரல், "பயமா இருக்குதாங்க?" என்று கேட்டது. "பயமில்ல. பேச்சுத்துணைக்குத்தான் ஆளில்ல" என்றாள் இவள். அவர் கம்பிகளைச் சரிபார்த்து முடிக்கும் வரை இருவரும் கதவுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தபோது முகம்தான் புதிதாக இருந்தது, ஆள் பழகிவிட்டிருந்தார்.

கடிதம் அடித்து அடித்து வெறுத்துப்போன கதையை அவரிடம்தான் முதலில் சொன்னாள். "திரும்பத் திரும்பச் செய்றதை மெஷின்கிட்ட விட்டுடணும். லிஃப்ட் எதுக்கு இருக்கு, படியேறச் சலிச்சுப்போய்த்தானே" என்றார் அவர். அவரே விசாரித்து ஒரு மாலை வகுப்பில் சேர்த்துவிட்டார். அப்படி வந்ததுதான் இந்தத் தொழில். மகள் பிறந்த பிறகு அவள் வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தபோதும், "நீ வீட்ல இருந்தா என்னை ரிவ்யூ பண்ணுவே. ஆபீசுக்கே போய்ட்டு வா" என்று சொல்லி அனுப்பியவர் அவர்தான்.

அலுவலகத்தில் அவளிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு அவசரம் என்று பெயர் வைத்ததும் அவள்தான். படிக்கட்டில் தாவித்தான் இறங்குவான். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் அது வேறு கேள்விக்கான பதில் என்று தெரிந்து நிறுத்துவான். நிரலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். அதற்குக்கூட அவனுக்குப் பொறுமை கிடையாது. ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொள்வான்.

"இது யாருடா, எக்ஸ்?"

"நோயாளி, அக்கா."

"பக்கத்துல எக்ஸ் எக்ஸ்?"

"கூட வந்தவங்க."

"டாக்டரைக் காணோமே?"

"டாக்டருக்கு இன்னும் பேர் வைக்கலைக்கா."

"நோயாளி எக்ஸ், டாக்டர் அனாமத்து. இந்த ஆஸ்பத்திரியில யாரு பொழைப்பா?"

அறையே சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாள் வேறு எங்காவது இன்னொரு எக்ஸை வைத்துவிட்டு வருவான். வஞ்சமில்லாத பிள்ளை.

அது நடந்தது ஒரு முற்பகல், ரிவ்யூ கூட்டத்தில். மேனேஜர் அம்மா ஒரு பக்கம், மற்றவர்கள் மேசையைச் சுற்றி. சுவரில் அவசரத்தின் நிரல் பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தது. ஊசி எழுந்து நின்று, ஒரு வரியைக் காட்டி, "இந்த இடத்துல" என்று ஆரம்பித்தாள். அடுத்துச் சொல்ல வேண்டியது மனத்தில் பளிச்சென்று இருந்தது. வாயிலிருந்து வந்ததோ, "இந்தக் குடை மெதுவா செருப்புக்குள்ள" என்றுதான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஊசி ஏதோ புதிதாகக் குத்தப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் மறுபடி முயன்றாள். "செருப்பு செருப்பா" என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. தான் பேசுவது தனக்கே தப்பாகக் கேட்டது. ஆனால் எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. மேசை விளிம்பைப் பிடிக்கப்போன வலது கை எதையும் பிடிக்காமல் வழுக்கியது.

சிரிக்காதவன் அவசரம் ஒருவன்தான். நாற்காலி பின்னால் விழ எழுந்தவன், ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவளைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு கிளம்பிவிட்டான். "என்னடா, என்னாச்சு, இருடா, யோசிக்கலாம்" என்று பின்னால் குரல்கள். அவன் யோசிக்கவில்லை. டயர் கடைக்காரர் யாருடைய காருக்கோ சக்கரம் மாட்டி முடித்திருந்தார். அந்தக் காருக்குச் சொந்தக்காரர் யார் என்று விசாரிக்காமலேயே அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிட்டான். கார்க்காரர் நல்ல மனிதர். விஷயம் புரிந்ததும் அவரே ஓட்டினார்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. உடனே மருந்து ஏற்றினார்கள். மருத்துவர் பிறகு கணவரிடம், "சரியான நேரத்துல கொண்டுவந்தாங்க. சாயங்காலம் வரைக்கும் ஓய்வெடுக்கட்டும்னு படுக்க வச்சிருந்தா நான் இப்படி நின்னு பேசிக்கிட்டு இருக்கமாட்டேன்" என்றார்.

கணவர் அவசரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு எப்படிப்பா தெரிஞ்சுது? எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொல்றாங்களே" என்று கேட்டார்.

"அக்கா என்னைக் கிண்டல் பண்ணும்போது முகம் முழுக்கச் சிரிக்கும், அண்ணா. நான் தினமும் எதிர்ல நின்னு பார்க்கிறவன். இன்னைக்கு ஒரு பக்கம்தான் சிரிச்சுது."

உயிர் தப்பியது. கை கால் மெல்ல மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் திரும்பவில்லை. பிறர் பேசுவது பெரும்பாலும் புரிந்தது. எதிரில் இருப்பது என்ன என்பதும் தெரிந்தது. அதன் பெயர்தான் வாய்க்கு வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் ஜன்னல் என்பாள். மகளை ஒருநாள் சீப்பு என்றும் மறுநாள் ஞாயிறு என்றும் கூப்பிட்டாள். கணவரைக் கதவு என்றாள். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "கதவுதானே, பரவாயில்ல. திறந்துதான் இருக்கேன், சொல்லு" என்றார்.

அலுவலகத்திலிருந்து கூட்டமாக வந்தார்கள். வழிமறித்த நர்சிடம் அவசரம், "ஊசியைப் பார்க்கணும்" என்றான். "ஊசி போடுறது கீழ் மாடியில" என்றாள் நர்ஸ். "எங்களுக்குத் தினமும் மேல் மாடியிலதான் போடுவாங்க" என்று யாரோ சொல்ல, படுக்கையில் கிடந்த ஊசிக்குச் சிரிப்பு வந்தது. பதிலுக்கு ஒன்று சொல்லத் தோன்றியது. தோன்றியது எங்கேயோ கரைந்துபோயிற்று. கூட்டம் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் வைத்த பெயர்களைத் திருத்தியவளுக்கு இப்போது ஒரு தம்ளரின் பெயர் தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சியாளர் ஒரு பெண். குரல் உயராது, நாற்காலியை இழுத்து முட்டி தொடுகிற தூரத்தில் உட்காருவார். படங்களைக் காட்டிக் காட்டிக் கேட்பார்.

"இது என்னம்மா?"

பூட்டின் படம். அது பூட்டு என்று ஊசிக்குத் தெரியும். எப்படித் திறக்கும் என்று தெரியும், எந்தக் கடையில் வாங்கினோம் என்றுகூட நினைவிருந்தது. "படகு" என்றாள். தலையை ஆட்டிவிட்டு "பட்டம்" என்றாள். கடைசியில் எரிச்சல் பொறுக்காமல், "அடச்சீ" என்றாள்.

அது மட்டும் சுத்தமாக, பழைய ஊசியின் குரலில், கணீரென்று வந்தது. மூலையில் உட்கார்ந்திருந்த கணவர் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா? அப்படியே வந்துச்சு. நாங்க கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கேக்குற வார்த்தை அது."

பயிற்சியாளர் சிரித்தார். "திட்டு வேற வழியா வரும்மா. அந்த வழி திறந்திருக்கு. இந்த வழியை நாம மறுபடி போடணும்."

அந்த வாக்கியம் ஊசிக்குள் போய் எதையோ தட்டியது. இது அவளுக்குத் தெரிந்த சமாச்சாரம்தான். நிரல் உடைந்தால் அவள் என்ன செய்வாள்? மொத்தமும் போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார மாட்டாள். எதுவரை சரியாக வருகிறது, எங்கே தவறுகிறது என்று பிரித்துப் பிரித்துப் பார்ப்பாள். பொருள் உள்ளே இருக்கிறது. பெயரும் எங்கோ இருக்கிறது. நடுவில் பாதைதான் உடைந்திருக்கிறது. அப்படியானால் இது வெறும் பக், நிரலில் புகுந்துவிடுகிற பிழை. மனித ஜாதி எழுதிய எல்லாவற்றிலும் இருப்பது தனக்குள்ளும் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

அதற்குப் பிறகு அவள் தன்னையே ரிவ்யூ செய்யத் தொடங்கினாள். முதல் எழுத்தை யாராவது எடுத்துக் கொடுத்தால் மீதி வருகிறது என்று கண்டாள். பாட்டாக இழுத்தால் வருகிறது. அவசரப்பட்டால் வருவதும் ஓடிவிடுகிறது. கணவர் சாயங்காலம் கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்காருவார். "ஒவ்வொரு தளமா நிறுத்திப் பார்ப்போம்" என்பார். அவள் வீடு திரும்பியதும் மகள் அங்கிருந்த எல்லாப் பொருளிலும் பெயர் எழுதிக் காகிதம் ஒட்டிவைத்தாள். மேசை, விளக்கு, குழாய், கண்ணாடி என்று ஒன்றையும் விடவில்லை. அப்பாவின் சட்டை முதுகிலும் "அப்பா" என்று ஒட்டியிருந்தாள். அவர் அதைக் கவனிக்காமல் வேலைக்குப் போய், ஒரு பெரிய கட்டடத்தில் எல்லாத் தளங்களிலும் அப்பாவாகத் திரிந்துவிட்டு வந்தார். அன்றைக்கு ஊசி அந்தக் காகிதத்தைத் தொட்டு, எழுத்தெழுத்தாகப் படித்து, "அ... ப்பா" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "என்... அவர்" என்றாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் கிரீஸ் பட்டு எரிகிறது என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் பயிற்சிக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு காலையில் கணவர் மருந்துக் கடைக்குப் போய்விட, அவள் தனியாக வரவேற்பறையில் இருந்த தொடுதிரைப் பெட்டியின் முன்னால் நின்றாள். வந்திருப்பவர் தம் பெயரை அதில் தட்டினால் எந்த அறைக்குப் போகவேண்டும் என்று அது சொல்லும். எழுத்துகளைத் தேடித் தேடி அவள் பெயரைப் பாதி தட்டியிருப்பாள். திரை சிவந்தது. "தவறான பதிவு. மீண்டும் முயலவும்" என்றது.

மறுபடி தட்டினாள். மறுபடி சிவந்தது. மூன்றாவது முறை அந்தச் சிவப்பை உற்றுப் பார்த்தாள். அந்தச் சிவப்பு அவளுக்குத் தெரியும். அவசரம் எழுதியது, அவள் படித்துப் பார்த்து அனுமதித்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததாக அப்போது நினைத்திருந்தாள். "முயல்வும்" என்று இருந்ததைத்தான் "முயலவும்" என்று திருத்தினாள். சில நொடிகளுக்குள் தட்டி முடிக்காவிட்டால் திரை சிவக்கும் என்று இருந்ததே, அதற்குள் எல்லோராலும் பெயரைத் தட்டிவிட முடியுமா என்று கேட்கவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் விரல் பறந்தது, அதனால் கேட்கத் தோன்றவில்லை.

கணவர் திரும்பி வந்தபோது அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அழுகிறாளோ என்று பதறி ஓடிவந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நோய் வந்தபின் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்க்கவில்லை.

"இது... இது... எங்க... புள்ள" என்றாள்.

"புள்ளையா?" என்றார். பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்க ஆபீஸ்ல செஞ்சதா?"

தலையாட்டினாள். அன்று பயிற்சி முடிந்த பிறகும் அவள் வீட்டுக்குக் கிளம்பவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் நடுங்குகிற பெரியவர் ஒருவர், தட்டும் ஒவ்வோர் எழுத்தும் இரட்டையாக விழுந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி, குழந்தையின் கையும் சேர்ந்து தட்டியது. கண்ணாடியை மறந்து வந்தவர் மூக்கு திரையில் உரசக் குனிந்தார். எல்லோருக்கும் ஒரே சிவப்பு, எல்லோருக்கும் தவறு. யாரும் பெட்டியைத் திட்டவில்லை. தங்களுக்குத்தான் தெரியவில்லை என்று கூசிப்போய், வரிசையில் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைதான் அவளைச் சுட்டது.

மேனேஜர் அம்மா, "எப்ப முடியுதோ அப்ப வாங்க, எவ்வளவு முடியுதோ அவ்வளவு செய்ங்க" என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார். ஆனாலும் திரும்பிப் போக ஊசிக்குப் பயமாக இருந்தது. படியேறும்போது டயர் கடைக்காரர் எழுந்து நின்று கையசைத்தார். மேலே அவள் நாற்காலி அப்படியே இருந்தது.

கணினியைத் திறந்து, கைக்கு வந்த கோப்பு ஒன்றை எடுத்தாள். அவசரத்தின் கோப்பு. எக்ஸும் எக்ஸ் எக்ஸும் வந்து கண்ணைக் குழப்பும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றைக்கூடக் காணவில்லை. நோயாளி நோயாளியாக இருந்தார். டாக்டர் டாக்டராக இருந்தார். கூட வந்தவருக்குக்கூட ஒரு கௌரவமான பெயர் கிடைத்திருந்தது. அடுத்த கோப்பு, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. அவள் படுத்திருந்த மாதங்களில், சொந்த வேலைக்கு நடுவே, அவன் எல்லாப் பெயரையும் தேடித் தேடி மாற்றியிருக்கிறான். நிரலில் ஒரு பெயரை மாற்றினால் அதைப் பயன்படுத்துகிற எல்லா இடத்தையும் சரிபார்க்க வேண்டும். பொறுமைசாலிகளே முகம் சுளிக்கிற வேலை.

சொற்கள் அவளுக்கு இன்னும் வழுக்கிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இது நடந்தால் அது நடக்கும், அது நடக்காவிட்டால் திரும்பிப் போ என்கிற ஓட்டம் வழுக்கவில்லை. பழக்கமான தெருவில் நடப்பதுபோல அதற்குள் நடக்க முடிந்தது. பெயர்ப்பலகைகளை அவன் தெளிவாக எழுதி மாட்டிவைத்திருந்ததால் திணறும் இடத்திலும் நின்று படித்துக்கொள்ள முடிந்தது. திரும்பிப் பார்த்தாள். அவன் தன் திரைக்குள் தலையை நுழைத்து ரொம்பவும் வேலையாக இருப்பதுபோல உட்கார்ந்திருந்தான்.

முதல் கூட்டத்தில் தொடுதிரைப் பெட்டியின் விஷயத்தைச் சொல்ல வேண்டும். வாக்கியங்களை வீட்டில் கணவரோடு ஒத்திகை பார்த்திருந்தாள். எழுந்து நின்றதும் எல்லாம் பறந்துவிட்டன. ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு பேசுவதை விட்டுவிட்டு, அந்தப் பெட்டியின் நிரலைத் திரையில் ஓடவிட்டு, மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டு எதிரில் நிறுத்தினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். வலது கையில் ஒரு கனத்த பையைக் கொடுத்தாள்.

"பேர்" என்றாள்.

மேனேஜர் இடது கையால் தடவித் தடவித் தம் பெயரைத் தேடினார். திரை சிவந்தது. மறுபடி சிவந்தது. பின்னால் இருந்தவர்களை ஊசி எழுப்பி வரிசையாக நிற்கவைத்தாள். மேனேஜர் திரும்பி அந்த வரிசையைப் பார்த்தார். வரவேற்பறையில் அவள் கண்ட அதே பார்வை. "போதும், புரிஞ்சுது" என்றார் அவர் மெல்ல. "என் பேரை நானே தப்புன்னு நெனச்சுட்டேன்."

அவசரத்தின் முகம் சுண்டிப்போயிருந்தது. "நான்தான்க்கா எழுதுனேன்" என்றான்.

ஊசி தன் மார்பைத் தொட்டுக் காட்டினாள். "நானும்... பார்த்தேன். எழுத்து... பிழை... மட்டும்."

பிறகு எல்லோரும் வேலையில் இறங்கினார்கள். நேரக் கெடுவை எடுத்துவிட்டார்கள். முதல் எழுத்தைத் தட்டினாலே பெயர்கள் வந்து நிற்கும், தொட்டால் போதும். எழுத்தே வேண்டாம் என்பவர்களுக்குப் போகவேண்டிய பிரிவைக் காட்டும் படங்கள். சிவப்பு போய்விட்டது. அதன் இடத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் இழுபறி. அவசரம் ஒரு பத்திக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தான். இன்னொருத்தி அன்பார்ந்த பயனாளரே என்று தொடங்கினாள். ஊசி எல்லாவற்றையும் படித்துவிட்டு அழித்தாள். முன்பெல்லாம் அவள் ஒரு வரியை அழிப்பதற்கு நாலு வரி பேசுவாள். இப்போது பேசாமல் அழித்தாள். அதுவே சுருக்கமாக இருக்கிறது என்று எல்லோரும் ரகசியமாக ஒப்புக்கொண்டார்கள்.

"நீங்களே சொல்லுங்கக்கா" என்றான் அவசரம்.

அவள் யோசித்தாள். சொல் எங்கோ இருந்தது. முதல் எழுத்தைப் பிடித்து, விடாமல் இழுத்தாள்.

"அவசர... மில்லை."

"பெயரைத் தட்டுங்கள், அவசரமில்லை. அவ்வளவுதானே? நல்லா இருக்குக்கா" என்று தட்டத் தொடங்கியவன் நிறுத்தினான். "அது என்ன, ஊர்பூரா ஆஸ்பத்திரியில அவசரம் இல்லைன்னு போர்டு மாட்டப் போறீங்களா? என்னை இதைவிட நல்லா யாரும் கிண்டல் பண்ணினதில்லை."

அறை குலுங்கியது. ஊசியின் முகம் இரண்டு பக்கமும் சிரித்தது. சிரிப்பு அடங்கக் காத்திருந்தாள். அடங்கியதும் அவனைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"அவசரம்... இருந்ததால... நான்... இருக்கேன்."

அவன் கீபோர்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அது நடந்து இப்போது நாளாகிவிட்டது. பேச்சு முழுக்கத் திரும்பவில்லை. திரும்பாது என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் நாளுக்கு நாள் கூடிக்கொண்டிருக்கிறது. களைத்திருக்கும்போது இன்னும் சொற்கள் இடம் மாறும். புதிதாக வருகிறவர்கள் பதறினால் அலுவலகத்தில் மற்றவர்கள், "முதல் எழுத்தை எடுத்துக் குடுங்க, மீதியை அவங்களே பார்த்துப்பாங்க" என்பார்கள். பயிற்சியாளருக்கு நன்றி சொல்ல ஒரு வாக்கியத்தை வாரக்கணக்கில் தயார் செய்து போனாள். நேரில் பார்த்ததும் வாக்கியம் மறந்து, அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதுக்கு மார்க் நூத்துக்கு நூறு" என்றார் அவர்.

ஊசிக்கு வேறு நாட்டில் ஒரு தங்கை உண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் பேசுவார்கள். பேசுவது என்றால் அத்தனை வருஷமும் ஊசிதான் பேசினாள். தங்கை ஒரு வாக்கியம் தொடங்குவாள், அதை முடித்துவைப்பது ஊசி. தங்கையின் வேலையைப் பற்றி, மாமியாரைப் பற்றி, முடியை வெட்டிக்கொள்ளலாமா என்பதைப் பற்றிக்கூட ஊசிக்கு ஒரு குத்தல் தயாராக இருக்கும். தங்கை சிரிப்பாள். போனை வைத்துவிடுவார்கள்.

இப்போது அது நேர்மாறாகிவிட்டது. முதலில் தங்கைக்குப் பழக்கமில்லை. ஏதாவது சொல்லிவிட்டு நிறுத்துவாள், குத்தலுக்குக் காத்திருப்பாள். வராது. அந்த மௌனத்தில் இன்னும் கொஞ்சம் சொல்வாள். அப்படித்தான் ஒரு ஞாயிறு காலையில், பல வருஷங்களாகச் சொல்லாத ஒன்று வெளியில் வந்தது. அந்த நாட்டுக்குப் போன புதிதில் அவள் ஒரு பேக்கரியில் வேலை செய்தாளாம். மொழி தெரியாது. ரொட்டிகளின் பெயர் தெரியாமல் கையைக் காட்டிக் காட்டித்தான் விற்றாளாம். அங்கிருந்த முதலாளியம்மா தினமும் ஒரு ரொட்டியைக் கையில் வைத்து, பெயரை மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாராம்.

"உன்கிட்ட அப்பவே சொல்லணும்னு நெனச்சேன். நீ ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சுடுவே. அன்னைக்கு எனக்குச் சிரிக்கிற மாதிரி இல்லை" என்றாள் தங்கை.

ஊசி ஜன்னலோரம் நின்றிருந்தாள். ஒரு தங்கை இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள், அவளை இப்போதுதான் கேட்கிறோம் என்று தோன்றியது. இழந்த பேச்சுக்காக அவள் நிறைய அழுதிருக்கிறாள். அது போனதால் வந்து சேர்ந்தது இது. கணக்கு நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் அவளுக்கு மனம் நிறைந்துதான் இருந்தது.

"லைன்ல இருக்கியா?" என்று கேட்டாள் தங்கை.

"அந்த... ரொட்டி" என்றாள் ஊசி. சொல் தடங்கலில்லாமல் வந்தது. "பேர் என்ன?"

தங்கை சொன்னாள். வாயில் நுழையாத பெயர். ஊசி அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள், தப்பாக வந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள். தங்கை மறுபடி, இன்னும் மெதுவாகச் சொன்னாள்.